சீட்டாட்ட மன்றக் கட்டணம்: சென்னை வழக்குகளும் ஆட்டக்காரர் கணக்கும்

சீட்டாட்ட மன்றக் கட்டணம் என்பது, பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத்திற்கு இடம், மேசை, சீட்டுக்கட்டு முதலியவற்றைத் தரும் மன்றமோ விடுதியோ ஆட்டக்காரர்களிடமிருந்து பெறும் தொகை ஆகும். பேச்சுவழக்கில் இதைக் கமிஷன் என்பார்கள். போக்கர் ஆட்டத்தில் இதற்கு ரேக் என்று பெயர். தமிழ்நாட்டில் 'மனமகிழ் மன்றம்' என்ற பெயரில் இயங்கும் சங்கங்களின் ரம்மி ஆட்டத்தையொட்டி எழுந்த வழக்குகளில் இக்கட்டணத்திற்கு முக்கிய இடம் உண்டு. ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற கேள்விதான் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. தீர்ப்புகளை வாசித்தால், மன்றம் இதில் லாபம் பார்க்கிறதா என்ற இன்னொரு கேள்வியும் அதே அளவு கனமானது என்பது தெரியவரும். ஆட்டம் முடிந்து எழும்போது ஆட்டக்காரரின் கையில் என்ன மிஞ்சும் என்பதும் அந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகிறது.

பழைய நூல்களில் கட்டணம்

சூதாட்ட இடத்தை நடத்துபவர் பங்கு எடுத்துக்கொள்வது இந்தியாவில் மிகப் பழைய வழக்கம். கௌடில்யரின் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம் சூதாட்டத்தை ஒரே இடத்தில், அரசு அதிகாரி ஒருவரின் மேற்பார்வையில் நடத்தச் சொல்கிறது. வேறு இடத்தில் ஆடுபவருக்கு 12 பணம் அபராதம். வென்றவர் பெறும் தொகையில் 5 விழுக்காட்டை அந்த அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு பகடைக்கு வாடகை, தண்ணீருக்கும் இடத்திற்கும் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவையும் உண்டு. யாக்ஞவல்கிய ஸ்மிருதி 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்று இரண்டு விகிதங்களைக் குறிப்பிடுகிறது. நாரத ஸ்மிருதி 10 விழுக்காடு என்கிறது. இன்றைய போக்கர் விடுதிகளில் எடுக்கப்படும் பங்கும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது என்பது வியப்புக்குரியது.

திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் 'சூது'. அதில் சூதாடும் இடத்தைக் குறிக்கக் 'கழகம்' என்ற சொல் வருகிறது. இன்று அச்சொல் அரசியல் கட்சிகளுக்கும் போக்குவரத்துக் கழகத்திற்கும் உரியதாகிவிட்டதால், அந்தக் குறள்களைப் படிக்கும் மாணவர்கள் ஒரு கணம் விழிப்பது உண்டு. வள்ளுவரின் கவலை ஆடுபவனைப் பற்றியது. இடத்தை நடத்துபவனின் பங்கைப் பற்றி அவர் கணக்குச் சொல்லவில்லை. வட நூல்கள் அரசின் வருவாயை நோக்கி எழுதப்பட்டவை, குறள் குடும்பத்தின் அழிவை நோக்கி எழுதப்பட்டது என்று இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

கட்டணத்தின் வகைகள்

கட்டணம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் பெறப்படுகிறது. முதலாவது, ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பந்தயத் தொகையில் ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்வது. இரண்டாவது, பந்தயத் தொகை எவ்வளவு என்று பாராமல், உட்கார்ந்திருக்கும் நேரத்திற்கு ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் பெறுவது. சீட்டுக்கட்டுக்குத் தனிப் பணம், விருந்தினருக்குக் கூடுதல் பணம் என்பவை இரண்டாவது வகையின் கிளைகள்.

திருமண மண்டபங்களில் முதல் நாள் இரவு உறவினர்கள் பாய் விரித்து ஆடும் ரம்மியில் இவ்விரண்டும் இல்லை. அங்கே ஒருவர் இழந்தது இன்னொருவர் பையில் இருக்கும். விடியும்போது எல்லோருடைய பணத்தையும் கூட்டினால் இரவு இருந்த அதே தொகை வரும். மன்றத்து மேசையில் அப்படி வராது. அங்கே ஆறு பேர் ஆடினால் ஏழாவது பங்காளி ஒருவர் உண்டு. அவர் சீட்டைக் கையில் எடுப்பதே இல்லை, தோற்பதும் இல்லை.

ஓர் எளிய கணக்கு

விளக்கத்திற்காக ஒரு மேசையைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறு பேர் ரம்மி ஆடுகிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஆளுக்கு ரூ. 100. சேரும் தொகை ரூ. 600. மன்றம் 10 விழுக்காடு, அதாவது ரூ. 60 எடுத்துக்கொள்கிறது. வென்றவருக்கு ரூ. 540.

ஆறு பேரும் சமமான திறமை உள்ளவர்கள் என்றால், சராசரியாக ஒவ்வொருவரும் ஆறு ஆட்டங்களில் ஒன்றை வெல்வார்கள். ஆறு ஆட்டங்களுக்குப் போட்ட பணம் ரூ. 600, திரும்பி வந்தது ரூ. 540. யாரும் மோசமாக ஆடவில்லை, யாருக்கும் சீட்டு சதி செய்யவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ரூ. 60 குறைகிறது. போட்ட பணத்தை மட்டுமாவது திரும்பப் பெற வேண்டுமானால், ஒருவர் ஏறத்தாழ 18.5 விழுக்காடு ஆட்டங்களை வெல்ல வேண்டும். சம வாய்ப்பு என்பது 16.7 விழுக்காடுதான். அதாவது சம வாய்ப்பைவிட ஒன்பதில் ஒரு பங்கு கூடுதலாக வெல்பவர்கூட லாபம் காணவில்லை, தரையில்தான் நிற்கிறார்.

இப்போது திறமைசாலிகளைப் பார்ப்போம். இதே மேசையில் இருவர் நன்றாக ஆடுபவர்கள், ஒவ்வொருவரும் நூறு ஆட்டங்களில் 20 வெல்கிறார்கள் என்று கொள்வோம். மற்ற நால்வரும் தலைக்கு 15 ஆட்டங்கள் வெல்கிறார்கள். கட்டணம் இல்லாத மேசையில் அந்தத் திறமைசாலி ஒவ்வொருவருக்கும் ரூ. 2,000 லாபம். கட்டணம் உள்ள மேசையில் 20 முறை ரூ. 540 வீதம் ரூ. 10,800 வரும், போட்ட ரூ. 10,000 போக மிஞ்சுவது ரூ. 800. திறமையின் பலனில் ஐந்தில் மூன்று பங்கு மன்றத்திற்குப் போய்விட்டது.

மற்ற நால்வரும் தலைக்கு ரூ. 1,900 இழக்கிறார்கள், மொத்தம் ரூ. 7,600. அதில் வென்ற இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது ரூ. 1,600. மன்றத்திற்குச் சேர்ந்தது ரூ. 6,000. தோற்றவர் வீட்டுக்குப் போய், 'இன்றைக்கு அவர் கையில் சீட்டு நன்றாக விழுந்தது' என்று எதிரில் உட்கார்ந்திருந்தவரைச் சொல்வார். அவருடைய பணத்தில் பெரும்பகுதி எதிரில் இருந்தவருக்குப் போகவே இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் ரூ. 60 என்று சிறிதாகக் கழிவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தக் கணக்கில் வேகமும் ஒரு பங்கு வகிக்கிறது. ஆறு பேரும் தலைக்கு ரூ. 1,000 கொண்டுவந்து உட்கார்ந்தால் மேசையில் ரூ. 6,000 இருக்கும். நூறு ஆட்டங்களில் மன்றம் எடுக்கும் தொகையும் அதே ரூ. 6,000. ஆகவே நூறாவது ஆட்டம் வரை மேசை உயிரோடு இருக்க வேண்டுமானால் யாராவது எழுந்து போய்ப் புதுப் பணம் எடுத்து வர வேண்டும், அல்லது புது ஆள் வந்து உட்கார வேண்டும். புது முகங்களை நாடிக்கொண்டே இருப்பது இத்தகைய இடங்களின் இயல்பாக அமைவதற்கு இதுவே காரணம்.

இருக்கைக் கட்டணத்தின் கணக்கு வேறு மாதிரி. மணிக்குத் தலைக்கு ரூ. 50 என்றால் ஆறு பேருக்கு ரூ. 300. மணிக்குப் பன்னிரண்டு ஆட்டம் நடந்தால் ஓர் ஆட்டத்திற்கு ரூ. 25. ரூ. 600 சேரும் மேசையில் இது 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ரூ. 20 போட்டு ஆடும் சிறிய மேசையில் சேரும் தொகை ரூ. 120, அதில் ரூ. 25 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆக, நிலையான கட்டணம் சிறிய பணத்திற்கு ஆடுபவரை அதிகம் அழுத்துகிறது. விழுக்காட்டுக் கட்டணம் பெரிய பணத்திற்கு நெடுநேரம் ஆடுபவரை அதிகம் அழுத்துகிறது. போக்கர் விடுதிகள் பலவற்றில் விழுக்காட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பதும், பெரிய பந்தய மேசைகளில் நேரக் கட்டணத்திற்கு மாறிவிடுவதும் இதனால்தான்.

போக்கரில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே பங்கு கழிக்கப்படுவது வென்றவர் எடுக்கும் தொகையிலிருந்து. எல்லா ஆட்டத்திலும் நுழைபவர் சிறு சிறு தொகைகளை அடிக்கடி வென்று, அடிக்கடி பங்கு கொடுக்கிறார். நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவர் குறைவாகவே கொடுக்கிறார். பல விடுதிகளில் மேசையில் பொதுச் சீட்டுகள் திறக்கப்படுவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டால் பங்கு எடுப்பதில்லை என்ற வழக்கமும் இருக்கிறது. ஒன்பது பேர் உள்ள மேசையில் மணிக்கு 30 ஆட்டம், ஆட்டத்திற்குச் சராசரி ரூ. 60 பங்கு என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ரூ. 1,800, தலைக்கு ரூ. 200. லாபத்தைப் பற்றி நினைப்பதற்கு முன்னால், ஒருவர் தம் நாற்காலிக்காக மட்டும் ஒவ்வொரு மணி நேரமும் ரூ. 200 வென்றாக வேண்டும்.

இதன் மேல் வரி வேறு. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவு லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் ஆகியவற்றில் வென்ற தொகைக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. தோற்ற தொகையை அதில் கழித்துக்கொள்ள முடியாது. வருமானத்தை ஒழுங்காகக் கணக்குக் காட்டுபவருக்கு மேலே சொன்ன ரூ. 800-ம் நிலைக்காது.

சென்னையின் இரண்டு சட்டங்கள்

தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டம் 1930-ஆம் ஆண்டினது. ஆனால் அது சென்னை மாநகருக்கு வெளியே உள்ள பகுதிகளுக்காக இயற்றப்பட்டது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற மாநகரப் பகுதிகளில் செல்லுபடியாவது அதைவிட மூத்ததான 1888-ஆம் ஆண்டுச் சென்னை மாநகரக் காவல் சட்டம். இரண்டு சட்டங்களும் 'பொதுச் சூதாட்ட விடுதி' என்பதை வரையறுக்கும் முறை கவனிக்கத்தக்கது. சூதாட்டக் கருவிகள் ஓரிடத்தில் இருப்பது மட்டும் போதாது. அந்த இடத்தின் உரிமையாளரோ நடத்துபவரோ தமக்கு லாபம் வரும் வகையில் அவற்றை வைத்திருக்க வேண்டும். இடத்திற்கோ கருவிக்கோ கட்டணம் பெறுவதும் அந்த லாபத்தில் அடங்கும். மன்றக் கட்டணம் வெறும் கணக்கு விஷயமாக இல்லாமல் குற்றத்தின் அடையாளமாகவே மாறுவது இந்த வரையறையால்தான்.

இரண்டு சட்டங்களிலும் ஒரு விலக்கும் உண்டு. மாநகரக் காவல் சட்டத்தின் 49-ஆம் பிரிவும் சூதாட்டச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும் வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்குத் தண்டனை இல்லை என்கின்றன. வழக்கறிஞர்கள் ரம்மி திறமை ஆட்டம் என்று நிறுவுவதில் இவ்வளவு முனைப்புக் காட்டியது இந்தக் கதவு வழியே நுழைவதற்காகவே.

செகந்திராபாத் மன்ற வழக்கு

சென்னை வழக்குகள் எல்லாவற்றிலும் மேற்கோள் காட்டப்படும் முன்னோடித் தீர்ப்பு ஆந்திராவிலிருந்து வந்தது. 1963 மே மாதம் செகந்திராபாத்தின் கிரசன்ட் ரிக்ரியேஷன் கிளப்பில் காவல்துறையினர் சோதனையிட்டனர். உறுப்பினர்கள் பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். மேசையில் சீட்டுகளும் வில்லைகளும் பணமும் இருந்தன. பந்தயத் தொகையான 'கிட்டி' மன்றப் பொருளாளரிடம் இருந்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 1967 நவம்பரில் நீதிபதி இதயதுல்லா எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது. 'ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா' என்று இது அறியப்படுகிறது.

விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதைக் கையில் வைத்து எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்று கூறிய நீதிமன்றம், மூன்று சீட்டு ஆட்டத்திலிருந்து ரம்மியை வேறுபடுத்தியது. இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் கட்டணத்தைப் பற்றியும் நீதிமன்றம் பேசியது. உறுப்பினர்களுக்கு வசதி செய்து தரும் மன்றம் அதற்குச் சிறு கட்டணம் பெறுவது இயல்பே. அந்தப் பணம் மன்றத்தின் பிற செலவுகளுக்குப் போகும். அதைக் கொண்டு மட்டும் மன்றம் லாபம் பார்க்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் இருக்கைக் கட்டணம் போதிய அளவு கனமாக இருந்தால் அதை லாபம் ஈட்டும் முயற்சியாகக் கருதலாம். பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து மன்ற உரிமையாளர் லாபம் அடைவதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிரூபணமாகலாம்.

'போதிய அளவு கனம்' என்றால் எவ்வளவு? தீர்ப்பு ஓர் எண்ணைச் சொல்லவில்லை. இது தீர்ப்பின் குறை என்றே சொல்லத் தோன்றுகிறது. தமிழில் இன்னொரு 'சீட்டு' இருக்கிறது; மாதச் சீட்டு, ஏலச் சீட்டு. 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்டுச் சட்டம் அதை நடத்துபவரின் கமிஷனுக்கு 5 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 7 ஆக உயர்த்தியது. குடும்பத் தலைவிகள் கட்டும் சீட்டுக்கு வரம்பு வைத்த சட்டம், ஆண்கள் ஆடும் சீட்டுக்கு வரம்பு வைக்கவில்லை.

வேறு நாடுகளில் சட்டம் இதை நேரடியாகவே எதிர்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ், உறுப்பினர் மன்றங்களில் தனி அனுமதி இல்லாமல் நடக்கும் ஆட்டத்திற்கு ஒரு நாளைக்குத் தலைக்கு ஒரு பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று விதி செய்யப்பட்டது. பந்தயத் தொகையிலிருந்து பங்கு எடுப்பது அறவே கூடாது. கலிபோர்னியாவில் பந்தயத் தொகையில் விழுக்காடு எடுக்கும் ஆட்டத்தைக் குற்றவியல் சட்டம் தடை செய்திருப்பதால், அங்குள்ள சீட்டாட்டக் கூடங்கள் முன்கூட்டியே அறிவித்த நிலையான கட்டணம் பெறுகின்றன. திறமையா அதிர்ஷ்டமா என்ற தத்துவ விவாதத்தைவிட, காசு எந்த வழியில் எவ்வளவு போகிறது என்று கேட்பது எளிது, பயனும் அதிகம்.

சென்னை உயர் நீதிமன்றத்தில்

மாநகரில் நடந்த வழக்குகளில் மிக அதிகம் பேசப்பட்டது மகாலட்சுமி கல்ச்சுரல் அசோசியேஷன் வழக்கு. 2011-இல் இச்சங்கத்தில் காவல்துறை சோதனையிட்டுப் பலரைக் கைது செய்ததைத் தொடர்ந்து, உறுப்பினர்கள் ரம்மி ஆடுவதில் காவல்துறை தலையிடக்கூடாது என்று சங்கம் உயர் நீதிமன்றத்தை நாடியது. தனி நீதிபதி, செகந்திராபாத் தீர்ப்பைச் சுட்டிச் சங்கத்திற்குச் சாதகமாக ஆணையிட்டார். காவல்துறை மேல்முறையீடு செய்தது. 2012 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. பணம் வைக்காமல் ரம்மி ஆடுவதில் தடையில்லை. உறுப்பினர்களோ விருந்தினரோ பணம் வைத்து ஆடினாலும், அப்படி ஆட விட்டு மன்றம் லாபம் பார்த்தாலும், 1888-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை நடவடிக்கை எடுக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

செகந்திராபாத் வழக்கில் ஒன்றையொன்று சார்ந்திருந்த இரண்டு கேள்விகளை இத்தீர்ப்பு தனித்தனிக் குற்றக் காரணங்களாகப் பிரித்துவிட்டது. அங்கே பணம் வைத்து ஆடியவர்கள் விடுதலையானார்கள். இங்கே பணம் வைப்பதே போதும் என்றாயிற்று. சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. இதற்கிடையில், கைதானவர்கள் மீதான குற்ற வழக்கில் 2014-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2015-இல் சங்கம் தன் மூல மனுவையே திரும்பப் பெற்றுக்கொள்ள உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மனு இல்லாததால் உயர் நீதிமன்றம் அதில் சொன்ன கருத்துகளும் நிலைக்காமல் போயின. நான்கு ஆண்டு வழக்கின் முடிவில் கட்டணக் கேள்வி தொடங்கிய இடத்திலேயே நின்றது.

கிண்டியின் பங்கு

அடையாற்றுக்கு அண்டையில் உள்ள கிண்டிப் பந்தயத் திடலின் கதையும் இதோடு சேர்ந்ததே. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் தொடங்கப்பட்டது. அங்கே டோட்டலைசேட்டர் முறையில் பந்தயம் கட்டுபவர்களின் பணம் ஒன்றாகத் திரட்டப்படும். வரியும் கிளப்பின் கமிஷனும் கழிக்கப்பட்ட பின் எஞ்சியது வென்றவர்களிடையே அவரவர் கட்டிய அளவில் பிரிக்கப்படும். எந்தக் குதிரை வென்றாலும் கிளப்புக்கு வருவது மாறாது. ரம்மி மேசையின் ஏழாவது பங்காளிக்கு இங்கே ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது என்று சொல்லலாம்.

தமிழ்நாடு அரசு 1974-இல் சட்டத் திருத்தம் செய்து குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டத்தில் சேர்க்க முயன்றது. 1986-இல் கிளப்பையே கையகப்படுத்தத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1996 ஜனவரியில் 'டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு' வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றும், மேற்சொன்ன 49, 11-ஆம் பிரிவுகளின் விலக்கு அதற்குப் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றது. திறமை என்று ஆன பிறகு கமிஷனின் அளவைப் பற்றிய கேள்விக்கு அங்கே பெரிய வேலை இருக்கவில்லை.

இணையத்துக்கு மாறியபோது

கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் வந்தபின் மன்றத்தின் இடத்தை நிறுவனங்கள் பிடித்தன. அவற்றின் வருமானமும் ஒவ்வொரு மேசையிலிருந்தும் கழிக்கும் கட்டணம்தான். சீட்டைக் கலைக்கவும் எண்ணவும் நேரம் தேவைப்படாததால் ஆட்டங்கள் பல மடங்கு விரைந்தன. மேலே சொன்ன கணக்கில் நூறு ஆட்டம் என்பது மன்றத்தில் ஒரு நீண்ட நாளின் ஆட்டம். கைப்பேசியில் அது மிகக் குறுகிய நேரத்தில் முடியும். விழுக்காடு உயராமலே இழப்பு பெருகியதற்கு வேகமே காரணம் எனலாம்.

கடன் தொல்லையும் தற்கொலைகளும் பேசப்பட்ட சூழலில், தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021-இல் சட்டமும் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டு 3 அன்று தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி அமர்வு அச்சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் இணையச் சூதாட்டத் தடையை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று வகைப்படுத்திய அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. இரவு நேரத் தடை என்பது வேகத்துக்கும் நேரத்துக்கும் போடப்பட்ட கடிவாளம். கட்டண விழுக்காட்டின் மேல் யாரும் கை வைக்கவில்லை.

வரித்துறை மட்டும் கட்டணத்தை உற்றுப் பார்த்தது. திறமை ஆட்டம் நடத்தும் நிறுவனங்கள் தாம் பெறும் கட்டணத்திற்கு மட்டும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. செலுத்திவந்தன. ஆட்டக்காரர் போடும் ரூ. 100-இல் கட்டணம் ரூ. 10 என்றால் வரி ரூ. 1.80. 2023 அக்டோபர் 1 முதல், ஆட்டக்காரர் செலுத்தும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு என்று ஆனது. அதே ரூ. 100-க்கு வரி ரூ. 28. எந்தத் திறமைசாலியின் மிகுதியும் அவ்வளவு பெரிய கழிவைத் தாங்காது என்பதால், வரியைப் பல நிறுவனங்கள் சலுகை என்ற பெயரில் தாமே ஏற்றன.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டது. கட்டணமோ பணமோ செலுத்தி, பணம் வெல்லும் எதிர்பார்ப்புடன் இணையத்தில் ஆடும் எந்த ஆட்டமும் அதன்படி தடைக்குரியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்களில் பேசப்பட்ட திறமை வாதம் அந்த வரையறைக்குள் பயன்படாது.

நேரில் உட்கார்ந்து ஆடும் மன்றங்களை அச்சட்டம் தொடவில்லை. போக்கர் ஆட விரும்பும் சென்னைவாசிகள் கோவாவின் சூதாட்டக் கப்பல்களுக்குச் செல்கிறார்கள்; அங்கே 1976-ஆம் ஆண்டுக் கோவா சூதாட்டச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களால் அதற்கு இடமுண்டு. பயணச் செலவும் தங்கும் செலவும் அவர்களுடைய கணக்கில் இன்னொரு கட்டணமாகச் சேர்கின்றன. சென்னை மாநகருக்குள் உள்ள மனமகிழ் மன்றங்களுக்கு இன்றும் 1888-ஆம் ஆண்டுச் சட்டமும் 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்தான் அளவுகோல். இருக்கைக் கட்டணம் எத்தனை ரூபாயைத் தாண்டினால் மன்றம் சூதாட்ட விடுதியாகும் என்பது அவ்விரண்டிலும் எழுதப்படவில்லை.